கண் டெஸ்ட்ல எல்லாம் நார்மல்... ஆனா எதிரே இருக்கிற பொருள் என்னன்னு தெரியலையா? எம்.எஸ். நோயின் அதிகம் பேசப்படாத பக்கம்!

கண் மருத்துவர் காட்டும் பலகையில் கடைசி வரி வரை படிக்க முடிகிறது. ஆனால் சமையல் மேடையில் கண் முன்னால் இருக்கும் கரண்டி மட்டும் 'கண்ணுக்குப் படுவதில்லை'. இது கவனக்குறைவா, மறதியா, இல்லை நோயின் அறிகுறியா? நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனும் எம்.எஸ். நோய் உள்ளவர்களுக்கு ஏன் இப்படி ஆகிறது, எங்கே போக வேண்டும், என்ன உதவி கிடைக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே மலை, பல உருவம்

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கிழக்கே பெரிய கோயில் பக்கம் நின்று மலையைப் பார்த்தால் ஒரு வடிவம். அதே கிரிவலப் பாதையில் நடந்து, மலைக்குப் பின்பக்கம் இருக்கும் அடி அண்ணாமலையில் நின்று பார்த்தால் வேறு வடிவம். 14 கிலோமீட்டர் பாதையில் ஒரு இடத்தில் ஒற்றைச் சிகரமாகவும், இன்னொரு இடத்தில் பல முகடுகளாகவும் தெரிகிறது. ஆனால் நடக்கிறவர் யாரும் "இது வேற மலை" என்று சொல்வதில்லை. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது அதே அண்ணாமலைதான் என்று மூளை நொடியில் முடிவு செய்துவிடுகிறது.

கேட்க ரொம்ப சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் இது மூளை செய்யும் கடினமான வேலைகளில் ஒன்று. கண்ணில் விழும் பிம்பம் ஒவ்வொரு அடிக்கும் மாறுகிறது. மாறாத பொருளை அதிலிருந்து பிரித்து எடுக்க வேண்டும்.

1973-ல் லண்டனைச் சேர்ந்த உளவியலாளர் எலிசபெத் வாரிங்டனும் அவருடைய சக ஆய்வாளர் டெய்லரும் இதைச் சோதித்தார்கள். மூளையின் வலது பின்பகுதியில் பாதிப்பு உள்ளவர்களிடம் அன்றாடப் பொருள்களின் படங்களைக் காட்டினார்கள். வழக்கமான கோணத்தில் எடுத்த படம் என்றால் சரியாகச் சொன்னார்கள். அதே பொருளை மேலிருந்தோ, வித்தியாசமான கோணத்திலோ எடுத்த படத்தைக் காட்டினால் தடுமாறினார்கள். கண்ணில் கோளாறு இல்லை. பொருளும் தெரிந்த பொருள்தான். இரண்டையும் இணைக்கும் இடத்தில்தான் சிக்கல்.

எம்.எஸ். என்றால் என்ன?

தமிழில் 'தண்டுவட மரப்பு நோய்' என்று சொல்கிறார்கள். பெயரில் தண்டுவடம் மட்டும் இருந்தாலும் மூளை, பார்வை நரம்பு, தண்டுவடம் மூன்றையும் இது தாக்கும். 1868-ல் பாரிஸைச் சேர்ந்த மருத்துவர் ழான்-மார்ட்டின் சார்கோ இதைத் தனி நோயாக விவரித்தார்.

மின்சார வயருக்கு மேலே ரப்பர் உறை இருப்பது போல, நரம்பு இழைகளுக்கு மேலே மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. இந்த உறை இருந்தால்தான் நரம்புச் செய்தி வேகமாக ஓடும். எம்.எஸ். நோயில், கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே இந்த உறையை அரிக்கிறது. உறை போன இடத்தில் செய்தி மெதுவாகும், சிதறும், சில சமயம் நின்றே போகும். நாளாக ஆக, உள்ளே இருக்கும் நரம்பு இழையும் அழியலாம்.

உலக அளவில் சுமார் 29 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக சர்வதேச எம்.எஸ். கூட்டமைப்பு கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு குறைந்தது இரண்டு மடங்கு அதிகம். ஐரோப்பா, வட அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இந்தியாவில் குறைவுதான். மங்களூரு நகரில் நடந்த கணக்கெடுப்பில் ஒரு லட்சம் பேருக்கு சுமார் 8 பேர் என்று தெரிய வந்தது. குறைவு என்பதாலேயே நம் ஊரில் பலருக்கு இந்தப் பெயரே தெரியாது.

கண்ணிலிருந்து பெயர் வரை: மூன்று படிகள்

ஒரு டம்ளரைப் பார்த்து "டம்ளர்" என்று சொல்ல, மூளைக்கு மூன்று படிகள் ஏற வேண்டியிருக்கிறது.

முதல் படி, செய்தி வந்து சேர்வது. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் கொண்ட பார்வை நரம்பு, தலையின் பின்பக்கம் இருக்கும் பார்வைப் பகுதிக்குச் செய்தியைக் கொண்டு போகிறது.

இரண்டாவது படி, உருவம் கட்டுவது. விளிம்பு எது, நிழல் எது, முன்னால் இருப்பது எது, பின்னணி எது என்று பிரித்து, துண்டுகளை ஒரே பொருளாகச் சேர்ப்பது.

மூன்றாவது படி, அர்த்தம் கொடுப்பது. கட்டிய உருவத்தை, இதுவரை சேர்த்து வைத்த அனுபவத்தோடு ஒப்பிட்டு, "இது தண்ணீர் குடிக்கிறது" என்று அறிவது. பிறகுதான் பெயர் வாய்க்கு வருகிறது.

இரண்டாவது, மூன்றாவது படிகளை முதன்முதலில் பிரித்துச் சொன்னவர் ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிக் லிசாவர். ஆண்டு 1890. கண் பார்த்தும் பொருளை அறிய முடியாத நிலைக்கு 'அக்னோசியா' என்ற பெயர் அடுத்த ஆண்டே வந்தது. பெயர் வைத்தவர், பின்னாளில் மனப்பகுப்பாய்வால் உலகப் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்ட்.

இந்தப் படிகள் எவ்வளவு தனித்தனியானவை என்பதற்கு ஒரு உதாரணம். கார்பன் மோனாக்சைடு விஷத்தால் மூளை பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி 1991-ல் குடேல், மில்னர் ஆகிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். தபால் பெட்டி வாய் போன்ற ஒரு இடுக்கு சாய்வாக இருக்கிறதா, நேராக இருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் "இந்த அட்டையை உள்ளே போடுங்க" என்றதும் கையைச் சரியாகத் திருப்பிப் போட்டுவிட்டார்! கைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. 'இது என்ன' என்று அறியும் பாதையும், 'எப்படி எடுப்பது' என்று கையை நடத்தும் பாதையும் மூளையில் வேறு வேறு.

எம்.எஸ். எங்கே தடுக்கிறது?

மூன்று படியிலும் தடுக்கலாம். அதுதான் இந்த நோயின் தனித்தன்மை.

முதல் படியில் அடிக்கடி வருவது பார்வை நரம்பு அழற்சி. எம்.எஸ். உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இதுதான் முதல் அறிகுறி. ஒரு கண் சில நாட்களில் மங்கும், கண்ணை உருட்டினால் வலிக்கும், சிவப்பு நிறம் வெளுத்துவிடும். ஒரு கண்ணால் பார்க்கும்போது செக்கச்செவேல் என்று இருக்கும் குங்குமம், மறு கண்ணுக்கு வெளுத்த செங்கல் மாதிரி தெரியும். பல வாரங்களில் பார்வை திரும்பிவிடும், பலகையில் 6/6 வரும். ஆனால் செய்தி வரும் வேகம் பழையபடி ஆகாமல் போகலாம். சாதாரணமாக, ஒரு காட்சி பார்வைப் பகுதியை எட்ட நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. பார்வை நரம்பு அழற்சி வந்து போனவர்களுக்கு இது கணிசமாகத் தாமதமாகிறது என்பதை 1972-லேயே லண்டன் மருத்துவர்கள் பதிவு செய்துவிட்டார்கள்.

இன்னொன்று, பலகையில் இருப்பது வெள்ளையில் கறுப்பு எழுத்து. வீட்டில் அப்படியா இருக்கிறது? சில்வர் தட்டில் சில்வர் கரண்டி, வெள்ளைத் தட்டில் இட்லி, ஒரே நிறச் சிமெண்டில் கட்டிய படிக்கட்டு. பின்னணிக்கும் பொருளுக்கும் வித்தியாசம் குறையும்போதுதான் இவர்கள் தடுமாறுகிறார்கள். வெளிறிய சாம்பல் எழுத்துப் பலகையை வைத்துச் சோதித்தால், 6/6 வாங்கியவர்களிடமும் இந்தக் குறை வெளியே வரும்.

இரண்டாவது, மூன்றாவது படிகளில், மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்புக் கட்டுகளில் உறை போவதுதான் பிரச்னை. கூட்டத்தில் தெரிந்தவர் முகத்தைப் பிடிக்க முடியாமல் போவது, டிராயரில் மற்ற பொருள்களோடு கிடக்கும் சாவியைக் காண முடியாமல் போவது, கவிழ்த்து வைத்த செருப்பைச் செருப்பு என்று அறிய நேரம் ஆவது எல்லாம் இப்படி வரலாம்.

எவ்வளவு பேருக்கு?

பயப்பட வேண்டாம். லிசாவர் சொன்ன முழுமையான அக்னோசியா எம்.எஸ். நோயில் அபூர்வம். ஆனால் மிதமான தடுமாற்றம் அவ்வளவு அபூர்வம் இல்லை. 2000-ம் ஆண்டு வெளியான பெல்ஜியம் ஆய்வு ஒன்றில், சோதிக்கப்பட்ட எம்.எஸ். நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு, பார்த்ததைப் புரிந்துகொள்வதில் குறை இருந்தது. 2001-ல் வந்த பின்லாந்து ஆய்வு, பொருளை அடையாளம் காண்பதையே எடுத்துச் சோதித்தது. சிந்தனைத் திறன் ஏற்கெனவே குறைந்திருந்தவர்களிடம்தான் இந்தச் சிக்கல் தெளிவாக இருந்தது.

எம்.எஸ். உள்ளவர்களில் பத்தில் நாலு முதல் ஆறு பேருக்கு ஏதோ ஒரு அளவில் சிந்தனை வேகம், நினைவு, கவனம் குறையலாம் என்பது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு. எனவே பொருள் அடையாளம் தெரியாமல் போவதை "கண்ணு சரியில்ல" என்று மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது. அது மூளைக்கு ஒரு பரிசோதனை தேவை என்று சொல்லும் மணி.

மறதியா, கண் பவரா, இதுவா?

வித்தியாசத்தைக் காட்டும் ஒரு எளிய குறிப்பு இருக்கிறது. மேஜையில் இருக்கும் சாவியைப் பார்த்து என்னவென்று சொல்ல முடியவில்லை. கையில் எடுத்துத் தடவியதும், குலுக்கியதும் "அட, சாவி!" என்கிறார். அப்படியென்றால் சாவி என்ற நினைவு பத்திரமாக இருக்கிறது, பெயரும் இருக்கிறது. பார்வை வழியாகப் போகும் கதவில் மட்டும்தான் தடை. மாறாக, தொட்டும் தெரியவில்லை என்றால் மறதியோ, மொழிச் சிக்கலோ இருக்கலாம். பெயர் மட்டும் வராமல், "இது பூட்டு திறக்கிறதுக்கு" என்று பயன்பாட்டைச் சரியாகச் சொல்கிறார் என்றால் அது பெயர் தேடும் சிரமம்.

இதை வைத்து வீட்டிலேயே நோயை முடிவு செய்துவிடக் கூடாது. ஆனால் மருத்துவரிடம் சொல்ல இந்தத் தகவல் ரொம்பவே உதவும். பக்கவாதம், தலையில் அடி, முதுமையில் வரும் சில மூளைத் தேய்வு நோய்களிலும் இதே அறிகுறி வரும். திடீரென்று, நிமிடங்களில் இப்படி ஆனால் காத்திருக்காமல் 108-க்கு அழையுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. "கண்ணு முன்னாடி இருக்கு, தெரியலையா?" என்று திட்டு விழுகிறது. கல்யாணமாகி வந்த பெண் என்றால் 'பொறுப்பில்லாதவள்' என்ற பட்டம். கடையில் வேலை பார்ப்பவர் என்றால் சில்லறையை மாற்றிக் கொடுத்ததற்கு வேலையே போகலாம். திருஷ்டி கழித்துப் பார்ப்பார்கள், கண்ணாடியை இரண்டு முறை மாற்றிப் பார்ப்பார்கள். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். எம்.எஸ். நோயில் அந்த மாதங்கள்தான் விலை உயர்ந்தவை.

கிரிவலமும் வெயிலும்

உடல் சூடானால் எம்.எஸ். அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும். வேகமாக நடந்தாலே பார்வை மங்கியதை 1890-ல் ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெம் ஊட்டாப் கவனித்தார். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்பு, நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து அறிகுறி கூடுகிறதா என்று பார்த்துத்தான் நோயைக் கண்டுபிடித்தார்கள். உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினால்கூட போதும்.

காரணம் எளிது. உறை இழந்த நரம்பு ஏற்கெனவே தத்தளித்துத்தான் செய்தி கடத்துகிறது. சூடு ஏறினால் அதுவும் நின்றுவிடுகிறது. உடல் குளிர்ந்ததும் பழையபடி ஆகிவிடும். இதனால் புதிய சேதம் ஏற்படுவதில்லை.

எம்.எஸ். இருப்பவர் கிரிவலம் போகக் கூடாதா? தாராளமாகப் போகலாம், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. சித்திரை வெயிலில் மதியம் தார் ரோட்டில் நடப்பதைத் தவிர்த்து, விடியலுக்கு முன்போ, சூரியன் சாய்ந்த பிறகோ தொடங்கலாம். குளிர்ந்த தண்ணீர், ஈரத் துண்டு, இடையிடையே உட்காருவது, கூட ஒரு ஆள் அவசியம். கிழக்கே தொடங்கியவருக்கு அடி அண்ணாமலை வரும்போது பாதி தூரத்துக்கு மேல் முடிந்திருக்கும். அந்த இடத்தில் கண் மங்கினால், எதிரே வருவது பைக்கா ஆட்டோவா என்று புரியாவிட்டால், சாலை ஓரம் நிழலில் உட்கார்ந்துவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம்தான்' என்று நடக்கக் கூடாது.

ஓய்வெடுத்தும் சரியாகவில்லை, காய்ச்சலும் இல்லை, புதிய அறிகுறி 24 மணி நேரத்தைத் தாண்டுகிறது என்றால் அது சூட்டால் வந்தது இல்லை. நோய் மறுபடி தாக்கியிருக்கலாம். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எங்கே போவது, என்ன பரிசோதனை?

முதல் படி, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கண் பிரிவில் பார்த்து, கண்ணில் குறை இல்லை என்றால், நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். அடுத்த கட்டத்துக்கு சுமார் 80 கிலோமீட்டரில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கிய இடம் அது. சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன், பார்வைச் செய்தியின் வேகத்தை அளக்கும் வி.இ.பி. பரிசோதனை, தேவைப்பட்டால் முதுகில் எடுக்கும் நீர்ப் பரிசோதனை ஆகியவை முக்கியமானவை. இதோடு நின்றுவிடாமல், சிந்தனைத் திறனுக்கான சிறு தேர்வையும் கேட்கலாம். எம்.எஸ். நோய்க்கென்றே 2012-ல் உருவான 'பைகாம்ஸ்' என்ற தேர்வுத் தொகுப்பு சுமார் 15 நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. எம்.எஸ். போலவே பார்வை நரம்பைத் தாக்கும் என்.எம்.ஓ. என்ற வேறு நோயும் இங்கே இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் அதைப் பிரித்துவிடலாம். பிரிக்காமல் விட்டால் ஆபத்து. ஏனென்றால் எம்.எஸ். நோய்க்குத் தரும் சில மருந்துகள் என்.எம்.ஓ.வை மோசமாக்கும்.

குணமாகுமா?

எம்.எஸ். நோயை முழுமையாக அகற்றும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் அது மறுபடி தாக்குவதைக் குறைக்கும் மருந்துகள் 1993 முதல் வந்துகொண்டே இருக்கின்றன. தாக்குதல் வந்த நேரத்தில் அதிக அளவு ஸ்டீராய்டை மூன்று முதல் ஐந்து நாட்கள் ஊசி வழியாகத் தருவார்கள். இதில் மருந்துக்கடையில் தானாக மாத்திரை வாங்குவது மிகவும் தவறு. பார்வை நரம்பு அழற்சிக்கு வழக்கமான அளவில் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்ப வருவது அதிகரித்தது என்று 1992-ல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது.

வீட்டில் என்ன மாற்றலாம்?

- பொருளுக்கும் பின்னணிக்கும் நிற வித்தியாசம் கொடுங்கள். சில்வர் டம்ளரை அடர் நிறத் துணி மேல் வையுங்கள். படிக்கட்டு ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடியுங்கள்.
- சாவி, மாத்திரை, செல்போன், தீப்பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே இடம். யாரும் நகர்த்தக் கூடாது.
- மேஜை, அலமாரியில் குவியலைக் குறையுங்கள். பத்துப் பொருளில் ஒன்றைத் தேடுவதைவிட மூன்றில் ஒன்றைத் தேடுவது எளிது.
- நல்ல வெளிச்சம் வேண்டும், கண் கூசக் கூடாது.
- ரூபாய் நோட்டில் குழப்பம் வந்தால் ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலியைப் பயன்படுத்தலாம். 2020 ஜனவரியில் வந்தது. கேமராவில் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். 100, 200, 500 ரூபாய் நோட்டுகளின் ஓரத்தில் தொட்டு அறியும் கோடுகளும் உண்டு.
- மருத்துவர் சரி என்று சொல்லும் வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

சான்றிதழும் உதவித்தொகையும்

இங்கேதான் பலர் தவறான வரிசையில் நின்றுவிடுகிறார்கள். பார்வைக் குறைபாட்டுக்கான சான்றிதழில் அளப்பது, பலகையை எவ்வளவு தூரம் படிக்க முடிகிறது, பார்வைப் பரப்பு எவ்வளவு என்பதைத்தான். நல்ல கண்ணில் 6/18-ஐவிடத் தெளிவாகத் தெரிந்தால், பரப்பும் குறையாமல் இருந்தால், 'குறை இல்லை' என்றே வரும். எதிரே இருப்பது கரண்டியா கத்தியா என்று தெரியாதது அந்த அளவுகோலில் விழாது.

ஆனால் வேறு கதவு இருக்கிறது. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகை மாற்றுத்திறன்கள் மட்டுமே இருந்தன. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக உயர்த்தியது. நாள்பட்ட நரம்பியல் நோய்கள் என்ற தலைப்பில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அதில் பெயரோடு இடம் பெற்றிருக்கிறது. எனவே விண்ணப்பிக்க வேண்டியது கண் பிரிவில் இல்லை, நரம்பியல் பிரிவில். தமிழ்நாடு அரசு தண்டுவட மரப்பு நோயால் பாதிக்கப்பட்ட தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் வழங்குகிறது. திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். 1985-ல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

"கண்ணு சரியா தெரியல டாக்டர்" என்று சொன்னால் கண்ணாடிதான் கிடைக்கும். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "எழுத்து படிக்க முடியுது. ஆனா பொருளைப் பார்த்தா என்னன்னு புரிய நேரம் ஆகுது. கையில எடுத்தா தெரியுது. வெயில்ல நடந்தா அதிகமாகுது. ஆறு மாசம் முன்னாடி ஒரு கண்ணு வலிச்சு மங்கி, தானா சரியாச்சு." உங்களுக்குப் பொருந்துவதை மட்டும், எப்போது தொடங்கியது என்ற தேதியோடு ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கூட இருந்து பார்க்கும் வீட்டு ஆளையும் அழைத்துப் போங்கள். அவர்கள் கவனித்தது பல சமயம் ஸ்கேனுக்கு முன்பே வழியைக் காட்டிவிடும்.